ஹாமக்கில் ஸ்லீப்பிங் பேட் போட்டுத் தூங்குவது சரிப்படுமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கையான ஹாமக் வாங்கி, முதல் முறையாகக் காட்டில் ஓர் இரவு தூங்கியிருக்கிறீர்கள். நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தும் முதுகு விறைத்துவிட்டது. அடுத்த முறை, கூடாரத்துக்கென்று வைத்திருந்த காற்றடைக்கும் பேடை உள்ளே போட்டிருக்கிறீர்கள். குளிர் குறைந்தது, ஆனால் இரவு முழுக்க பேட் நழுவிக்கொண்டே இருந்தது, தோள் இரண்டும் ஜில்லென்றே இருந்தன. ஹாமக்குக்குப் பேட் சரிப்படுமா, இல்லை ஹாமக்குக்கு வெளியே அடியில் தொங்கவிடும் பஞ்சுப் போர்வையான அண்டர்குவில்ட் வாங்கியே ஆக வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

சரிப்படும். அண்டர்குவில்ட் வாங்குவதற்கு முன்னால் பேடை மட்டும் வைத்துக்கொண்டு நான் பல இரவுகள் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். இன்றும் சில பயணங்களுக்கு அதைத்தான் எடுத்துப்போகிறேன். ஆனால் கூடாரத்தில் பேட் பார்க்கிற வேலை வேறு, ஹாமக்கில் அது பார்க்கிற வேலை வேறு. தரையில் அது மெத்தை. கல்லும் வேரும் உறுத்தாமல் இருக்கப் போடுகிறோம். அந்தரத்தில் தொங்கும் துணியில் உறுத்த என்ன இருக்கிறது? அங்கே அதன் வேலை கீழேயிருந்து ஏறும் குளிரை மறிப்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பேட், எவ்வளவு காற்று, எங்கே வைப்பது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டுவிடும்.

முதுகு ஏன் விறைத்தது என்று முதலில் பார்ப்போம். ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருக்கும் இறகோ செயற்கைப் பஞ்சோ தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. நீங்கள் மேலே படுத்ததும் அந்தப் பஞ்சு உங்கள் எடையில் தட்டையாக நசுங்கி, காற்று போய்விடுகிறது. முதுகுக்குக் கீழே மிஞ்சுவது இரண்டு மூன்று மெல்லிய துணிகள். கூடாரத்திலும் இதேதான் நடக்கிறது. ஆனால் அங்கே கீழே இருப்பது அசையாத தரை, உடம்பு பட்ட இடம் கொஞ்ச நேரத்தில் ஓரளவு சூடேறிவிடும். ஹாமக்குக்கு அடியில் இருப்பது ஓடும் காற்று. நீங்கள் சூடாக்கியதை அது உடனுக்குடன் வழித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் 20 டிகிரி இருக்கிற இரவில்கூட, மேல்பக்கம் வியர்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பக்கம் நடுங்குகிறது. ஹாமக் பிறந்தது கரீபியன் தீவுகள் போன்ற வெப்ப நிலங்களில். அடியில் காற்று ஓடுவது அங்கே வரம். அதே துணியை மலைக்குளிருக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த வழியை நாம்தான் அடைக்க வேண்டியிருக்கிறது.

பேடுக்குப் போகும் முன் ஹாமக்கைக் கட்டும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். "பேட் போட்டும் வசதியாக இல்லை" என்கிறவர்களில் பலருக்குக் கோளாறு பேடில் இருப்பதில்லை, கட்டிய விதத்தில் இருக்கிறது. இழுத்து விறைப்பாகக் கட்டினால் படுக்கை சமமாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் ஓரங்கள் இரண்டும் எழும்பித் தோளை உள்ளே நெருக்கும். ஹாமக்கை மரத்தோடு கட்டும் நாடாப் பட்டை, மரத்தை நோக்கிச் சுமார் 30 டிகிரி சாய்வில் ஏற வேண்டும். ஆள்காட்டி விரலைக் கிடைமட்டமாக நீட்டி, கட்டைவிரலை நேர் மேலே நிமிர்த்துங்கள். இரண்டு நுனிகளையும் சேர்க்கும் கோடு ஏறத்தாழ அந்தச் சாய்வு. அந்தச் சாய்வில் ஒவ்வொரு பக்கப் பட்டையிலும் விழும் இழுவை உங்கள் எடைக்குச் சமமாக இருக்கும். 70 கிலோ ஆளுக்குப் பக்கத்துக்கு 70 கிலோ. அதையே 10 டிகிரியாக இழுத்துக் கட்டினால் பக்கத்துக்கு 200 கிலோ. மரத்துக்கும் கேடு, தையலுக்கும் கேடு. ஹாமக்கின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு ரிட்ஜ்லைன் கயிறு கட்டி, அதன் நீளத்தை ஹாமக் நீளத்தில் 83 சதவீதமாக வைத்துவிட்டால், எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு ஒரே மாதிரி வரும். 335 செ.மீ. ஹாமக் என்றால் கயிறு சுமார் 278 செ.மீ.

அப்புறம், குறுக்குச் சாய்வாகப் படுக்க வேண்டும். நடுக்கோட்டில் நேராகப் படுத்தால் உடம்பு வில்லாக வளையும். தலையைக் கொஞ்சம் ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளிக்கொண்டால் துணி விரிந்து முதுகு கிட்டத்தட்ட நேராகிவிடும். கால் பக்கத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் இரவில் காலை நோக்கிச் சறுக்க மாட்டீர்கள். இதெல்லாம் தெரிந்தவருக்கும் ஒன்று விட்டுப்போகும்: பேடையும் அதே குறுக்குச் சாய்வில் போட வேண்டும். நடுக்கோட்டில் நேராகப் போட்டுவிட்டு மேலே குறுக்காகப் படுத்தால் உடம்பு ஒரு பக்கம் இழுக்கும், பேட் இன்னொரு பக்கம் இழுக்கும். நள்ளிரவில் பேட் வெளியே கிடக்கும், நீங்கள் வெறும் துணியில் கிடப்பீர்கள். உங்கள் பேட் நழுவியதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக் காரணம் காற்று. கூடாரத்துப் பழக்கத்தில் பேடைக் கும்மென்று ஊதியிருப்பீர்கள். முழுக்க ஊதிய பேட் ஒரு பலகை. ஹாமக்கோ தூளி மாதிரி உடம்பைச் சுற்றி வளைகிற துணி. பலகையைத் தூளிக்குள் போட்டால் அது துணியின் வளைவுக்கு இணங்காமல் துள்ளும், மேலே இருக்கிற உங்களை உருட்டப் பார்க்கும். இதற்கு நான் செய்வது இதுதான். முக்கால்வாசி ஊதி, குறுக்குச் சாய்வில் வைத்து, மேலே ஏறிப் படுத்துவிடுவேன். அப்புறம் கையை நீட்டி வால்வைத் திறந்து காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். முதலில் ஒன்றும் தெரியாது. சட்டென்று ஒரு கட்டத்தில் இடுப்பு இறங்கும், ஓரங்கள் மெல்ல எழும்பித் தோளை வந்து தொடும். கீழே துணி தன் இயல்பான வளைவுக்குப் போவது முதுகிலேயே தெரியும். அங்கே வால்வை மூடிவிட்டு, உள்ளங்கையை இடுப்புக்கும் பேடுக்கும் நடுவே நுழைத்து அழுத்திப் பார்ப்பேன். கீழே ஒரு விரல் அல்லது இரண்டு விரல் உயரத்துக்குக் காற்று மிஞ்சியிருந்தால் போதும். அடித்துணி நேராகக் கையில் தட்டினால் அதிகமாக விட்டுவிட்டேன் என்று பொருள், இரண்டு ஊது ஊதிக்கொள்வேன். காற்றைக் குறைக்கும்போது பேடின் தடிமன் குறைகிறது, அதோடு குளிர் தடுக்கும் திறனும் ஓரளவு குறைகிறது. இரவு குளிரக் குளிர உள்ளே இருக்கும் காற்றும் சுருங்கி, பேட் இன்னும் கொஞ்சம் தளரும். அதனால் படுக்கும்போதே இடுப்பு துணியைத் தொடும் எல்லை வரை போகாதீர்கள்.

எந்த வகைப் பேட் என்று கேட்டால், ஹாமக்குக்கு என் முதல் தேர்வு ஃபோம் பேட்தான். தரையில் அது கடினமாகத் தெரியும், அதனால் பலர் ஒதுக்கிவிடுவார்கள். ஹாமக்கில் மென்மையைத் துணி பார்த்துக்கொள்கிறது. ஃபோம் வளைவுக்கு இணங்கும், ஓட்டை விழாது, கத்தியால் வெட்டி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரலாம், விலையும் குறைவு. சுருட்டினால் பருமனாக இருக்கும், பையின் வெளியே கட்டித்தான் தூக்க வேண்டும். அது ஒன்றுதான் தொல்லை. தானாக ஊதிக்கொள்ளும் வகை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. உள்ளே ஃபோம் இருப்பதால் காற்றைக் குறைத்தாலும் முழுக்கச் சப்பிப் போகாது. எடையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் நல்ல தேர்வு. காற்றடைக்கும் பேட் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் தூக்கிப்போட வேண்டாம். மேலே சொன்னபடி காற்றைக் குறைத்துப் பழகுங்கள்.

குளிர் தடுக்கும் திறனை ஆர் மதிப்பு என்று பேடில் அச்சிட்டிருப்பார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அளந்து போட்டது. 2018இல் ஏ.எஸ்.டி.எம். எஃப் 3340 என்ற பொதுச் சோதனை முறை வந்தபிறகு எண்களை ஒப்பிட முடிகிறது. 2 செ.மீ. தடிமனுள்ள மடிப்பு ஃபோம் பேட் ஏறத்தாழ 2 என்று வரும். உள்ளே வெப்பத் தடுப்பு எதுவும் இல்லாத வெறும் காற்றுப் பேட் 1ஐ ஒட்டித்தான் இருக்கும். பார்க்கத் தடியாக இருப்பதை வைத்து ஏமாறக் கூடாது. தடுப்பு வைத்துத் தைத்த காற்றுப் பேட்கள் 4க்கு மேலும் போகும். இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம். என் உடம்புக்கு, 10 டிகிரி வரை ஒரு ஃபோம் பேட் போதுமானதாக இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வேண்டும். உங்களுக்கு இந்தக் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம், காற்று வீசினால் எல்லாருக்குமே மாறும். காற்று வரும் பக்கத்தில் தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டி மறித்துவிட்டாலே நிலைமை பாதி சரியாகும். இதைச் செய்யாமல் இன்னொரு பேட் வாங்க ஓடாதீர்கள்.

இனி தோள். இதுதான் ஹாமக்கில் பேட் போடுகிறவர்கள் எல்லாரையும் ஒருமுறையாவது எழுப்பிவிடும் பிரச்சினை. வழக்கமான பேடின் அகலம் 51 செ.மீ. தரையில் அது போதும், ஏனென்றால் தோள் பேடுக்கு வெளியே போனாலும் எதிலும் அழுந்துவதில்லை. ஹாமக்கின் துணி இரண்டு பக்கமும் எழும்பி மேல்கையையும் தோளையும் கட்டிப்பிடிக்கிறது. அந்த இடத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு நசுங்குகிறது, பேடோ அங்கே எட்டுவதில்லை. முதுகு சூடாக இருக்க, தோளில் மட்டும் யாரோ ஈரத்துணியைச் சுற்றினாற்போல இருக்கும். 64 செ.மீ. அகலப் பேட் கிடைத்தால் பெருமளவு தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் இறக்கை வைக்கலாம்.

இறக்கை என்றால் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. மலிவான ஃபோம் விரிப்பு ஒன்றிலிருந்து சுமார் 1 மீட்டர் நீளம், 45 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பெரிய பேடுக்கு அடியில், தோள் வரும் இடத்தில், அதைக் குறுக்கே போடுங்கள். மேலேயிருந்து பார்த்தால் கூட்டல் குறி போலத் தெரியும். நீங்கள் படுத்ததும் துணி அந்தத் துண்டின் இரு நுனிகளையும் தூக்கித் தோளோடு அணைத்து நிறுத்திவிடும். நான் முதலில் வெட்டிய துண்டின் மூலைகளைக் கூராகவே விட்டிருந்தேன். ஒவ்வொரு முறை புரளும்போதும் ஒரு மூலை காதுக்குப் பின்னால் வந்து குத்தும். மறுநாள் கத்திரியால் நான்கு மூலைகளையும் வளைத்து வெட்டியதும் அந்தத் தொல்லை போயிற்று. பெரிய பேடின் மூலைகளுக்கும் இதையே செய்யலாம், ஃபோமாக இருந்தால். இறக்கைக்கு யோகா மேட்டை எடுக்கலாமா என்று கேட்பார்கள். ரப்பர் போன்ற வழக்கமான யோகா மேட் கனமாக இருக்கும், அந்தக் கனத்துக்கு ஏற்ற சூடும் கிடைக்காது. உடற்பயிற்சிக்கென்று விற்கிற லேசான எவா ஃபோம் விரிப்பு ஒத்துவரும்.

எடையைக் குறைக்க நினைத்தால் பேடைத் தோளிலிருந்து முழங்கால் வரை மட்டும் இருக்கும்படி வெட்டிக்கொள்ளலாம். பாதத்துக்கு அடியில் காலிப் பையையோ மிச்சமான ஃபோம் துண்டையோ போட்டால் ஆயிற்று. இன்னொரு சின்ன லாபமும் உண்டு. குறுக்காகப் படுக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் துணி ஒரு வரப்பு போல விறைத்து நிற்கும். பேட் அதை மழுக்கிவிடும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய சட்டை ஒன்றை வைத்தால் மூட்டு பின்பக்கமாக இழுபடாமல் இருக்கும்.

நழுவுவதற்கு முழுமையான தீர்வு இரட்டை அடுக்கு ஹாமக்தான். இரண்டு துணிகளுக்கு நடுவே பேடைச் செருகிவிட்டால் ஓரளவுக்குமேல் நகராது. முதுகு நேராகப் பேடில் படாததால் ஒட்டலும் குறைவு. புதிதாக ஹாமக் வாங்குகிற யாருக்கும், பேட்தான் போடப்போகிறார்கள் என்றால், இரட்டை அடுக்கையே சொல்வேன். உங்களுடையது ஒற்றை அடுக்கு என்றால் பேடை ஸ்லீப்பிங் பேக்குக்கு உள்ளேயே செருகிவிடுங்கள். பேக்கும் பேடும் ஒன்றாகவே நகரும், உங்களுக்கு அடியிலிருந்து பேட் தப்பிக்க முடியாது. குறுகலான பேக்கில் இது நெருக்கடியாக இருக்கும். அப்போது ஜிப்பை முழுக்கத் திறந்து, பேக்கைப் போர்வை மாதிரி மேலே மட்டும் போர்த்திக்கொள்ளலாம். அடியில் நசுங்கிக் கிடக்கிற பஞ்சால் எப்படியும் பெரிய பயன் இல்லை, சூட்டைப் பேட் பார்த்துக்கொள்ளும். வழுக்கும் நைலான் பேடாக இருந்தால் அடிப்பக்கம் சிலிக்கோன் பசையைப் புள்ளி புள்ளியாக வைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பிடிமானம் நன்றாகக் கிடைக்கும்.

பேடின் உண்மையான குறை ஈரம். ஃபோமோ காற்றுப் பேடோ வியர்வையை உறிஞ்சாது, கீழே போகவும் விடாது. கதகதப்பான இரவில் முதுகு கசகசக்கும். குளிர் இரவில் அதே ஈரம் விடியும்போது ஜில்லிடும். மேலே ஒரு மெல்லிய துணியையோ போர்வையையோ விரித்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது அடுக்கடுக்காக உடை போட்டுக்கொண்டு வியர்க்கவும் வேண்டாம். கார் கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைக்கிற பளபளப்பான மடிப்புத் தகட்டைச் சிலர் பேடுக்குப் பதிலாகப் போடுகிறார்கள். லேசானது, அகலமானது, மிதமான குளிருக்குத் தாங்கும். ஆனால் புரளும்போதெல்லாம் சரசரக்கும், ஈரமும் அதில் முத்து முத்தாக நிற்கும். ஃபோமுக்கு அடியில் கூடுதல் அடுக்காகப் போடுவதற்குத்தான் நான் அதை வைத்துக்கொள்வேன்.

அண்டர்குவில்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது ஹாமக்குக்கு வெளியே, அடியில் தொங்குவதால் உங்கள் எடையில் நசுங்குவதில்லை. தோளையும் சேர்த்துச் சுற்றிக்கொள்கிறது, நழுவ ஒன்றும் இல்லை, வியர்வையும் வெளியேறும். வசதி என்று மட்டும் பார்த்தால் அது பேடை விடச் சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விலை அதிகம், துணிக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழாமல் தொங்கவிடப் பழக வேண்டும். முக்கியமாக, மரம் கிடைக்காத இடத்தில் அதனால் பெரிய பயன் கிடையாது. பேட் இருந்தால் தரையில் விரித்து, தார்ப்பாயை மேலே கட்டி, அந்த இரவை ஓட்டிவிடலாம். மரம் வளராத மலை உயரங்களுக்குப் போகிற பயணங்களுக்கும், மரம் உண்டா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத பாதைகளுக்கும் நான் இன்றும் பேடைத்தான் எடுக்கிறேன். பகலில் அது உட்காரும் பாய், காலையில் ஈரத்தரையில் கால் வைக்க மிதியடி.

இரு முனைகளிலும் கம்பு வைத்து விரிக்கிற பிரிட்ஜ் வகை ஹாமக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் பாதிக்குமேல் கிடையாது. அதன் படுக்கை தட்டையானது, பலவற்றில் பேடைச் செருகத் தனி உறையே உண்டு.

உங்கள் அடுத்த இரவுக்கு எதையும் புதிதாக வாங்க வேண்டாம், ஒரு ஃபோம் விரிப்பைத் தவிர. 30 டிகிரியில் தொய்வாகக் கட்டுங்கள். இறக்கைத் துண்டைத் தோள் பக்கம் குறுக்கே போட்டு, காற்றுப் பேடை பேக்குக்குள் செருகி, குறுக்குச் சாய்வில் வையுங்கள். ஏறும்போது துணியை விரித்து நடுவில் உட்கார்ந்து, பேடில் முழு எடையும் விழுந்தபிறகு காலைத் தூக்கிச் சாயுங்கள். பேடின் ஓரத்தில் உட்கார்ந்தால் அது கவிழ்த்துவிடும். அப்புறம் வால்வைத் திறந்து இடுப்பு இறங்கும்வரை காற்றை விடுங்கள். இந்த முதல் ஒத்திகையை வீட்டுக்குள் ஓடிவர முடிகிற இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. காலையில் எழுந்ததும் எதையும் கலைக்காமல், பேட் எந்தப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். காலை நோக்கி நகர்ந்திருந்தால் கால் பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தால் நீங்கள் படுக்கிற சாய்வும் அதன் சாய்வும் ஒத்துப்போகவில்லை, அடுத்த இரவு பேடை அது ஒதுங்கியதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கையகலம் தள்ளி வையுங்கள்.